கோட்டக்குப்பம் கடற்கரையின் சமூகநோக்குத் தொழில்கள்

கோட்டக்குப்பம், புதுச்சேரியின் முத்தியால்பேட்டையைத் தாண்டியதும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வரும் முதல் தமிழக ஊர். விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டத்தைச் சேர்ந்தது; 2021இல் நகராட்சியானது. இங்கிருந்து வடக்கே சின்ன முதலியார்சாவடி, பெரிய முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் எனக் கடலோர ஊர்கள் தொடர்கின்றன. சுமார் 30 கிலோமீட்டரில் மரக்காணம் உப்பளங்கள் வருகின்றன. மேற்கே, செம்மண் மேட்டில் ஆரோவில். கடந்த ஐம்பது ஆண்டுகளில் இந்தப் பகுதியில் ஊதுவத்தி முதல் மண்கல் வரை பல தொழில்கள் முளைத்துள்ளன. இலாபத்தோடு வேறொரு நோக்கத்தையும் முன்வைத்தே அவற்றில் பல தொடங்கப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பொதுவான ஒரு தன்மை வேறிடங்களில் அரிது: தொடங்கியவருக்கே அந்தத் தொழில் சொந்தமில்லை.

தோற்றம்

1968 பிப்ரவரி 28 அன்று ஸ்ரீ அன்னை (மிர்ரா அல்ஃபாசா) ஆரோவிலைத் தொடங்கியபோது, அந்த மேட்டில் மரங்கள் அநேகமாக இல்லை. மழைநீர் மேல்மண்ணை வாரிக்கொண்டு கடலுக்குப் போனது. ஓடைக்கரைகள் ஆழமாக அரிபட்டுக் கிடந்தன. முதலில் வந்து குடியேறியவர்கள் வரப்பு போட்டு நீரைத் தடுத்தார்கள், குழி வெட்டி மரம் நட்டார்கள். காடு வளர்ந்தது, ஆனால் அதில் வருமானம் இல்லை. நன்கொடையை மட்டும் நம்பி ஊர் நடத்த முடியாது என்ற நிலையில்தான் கைத்தொழில்கள் தலையெடுத்தன. 1976இல் தொடங்கிய மரோமா, ஊதுவத்தியும் நறுமணப் பொருள்களும் செய்து வெளிநாடுகளுக்கு அனுப்பியது. சுற்றியுள்ள கிராமப் பெண்களுக்கு வயல்வேலைக்கு வெளியே கிடைத்த முதல் மாதச் சம்பளங்களில் சில இத்தகைய பட்டறைகளில் கிடைத்தவை.

இதற்குச் சற்று முன்பே, 1971இல், ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் மட்பாண்டப் பட்டறையைத் தொடங்கியிருந்தனர். உயர்வெப்பத்தில் சுட்டு மெருகேற்றும் முறை அதற்கு முன் இந்தப் பகுதியில் இல்லை. சூளைக்குச் சவுக்கு விறகு. அது இந்தக் கடற்கரையில் தோப்புத் தோப்பாக விளைவது. அங்கே கூலிக்குச் சேர்ந்து தொழில் கற்ற உள்ளூர்க்காரர்கள் பின்னர் தனித்தனியே பட்டறை வைத்தார்கள். இன்று புதுச்சேரி மட்பாண்டம் என்று நாடெங்கும் விற்பதன் வேர் அதில் இருக்கிறது. ஒரு நிறுவனம் தன் வித்தையைப் பூட்டிவைக்காமல் விட்டதால் ஒரு வட்டாரத்துக்கே தொழில் கிடைத்ததற்கு, இப்பகுதியில் இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

உடைமை

ஆரோவில் எந்தத் தனிமனிதருக்கும் சொந்தமன்று என்பது அதன் சாசனத்தின் முதற்கூற்று. நாடாளுமன்றம் இயற்றிய 1988ஆம் ஆண்டின் ஆரோவில் அறக்கட்டளைச் சட்டம் அதற்குச் சட்ட வடிவம் தந்தது. அதன்படி, ஆரோவிலின் தொழிற்பிரிவுகளும் அவற்றின் நிலம், கட்டடம், இயந்திரங்களும் அறக்கட்டளையைச் சேர்ந்தவை. தொடங்கி நடத்துபவர் நிர்வாகி மட்டுமே. அவர் அதை விற்க முடியாது, பிள்ளைகளுக்கு எழுதிவைக்க முடியாது. இலாபத்தில் 33 விழுக்காட்டை ஊரின் பொதுநிதிக்குத் தருவது நடைமுறை.

இதற்கு ஒரு விலை உண்டு. பங்கு விற்றுப் பணம் திரட்ட வழியில்லை. வங்கிக்கு ஈடாகக் காட்டச் சொத்தும் இல்லை. ஆகவே இங்குள்ள தொழில்கள் மெதுவாகத்தான் வளர்ந்தன. பெரும்பாலானவை சிறியவையாகவே நின்றன. முதலீட்டாளருக்குப் பதில் சொல்லும் கட்டாயம் இல்லாததால்தான், கீழே சொல்லப்படும் சில வழக்கத்துக்கு மாறான முயற்சிகளைத் துணிந்து செய்யவும் முடிந்தது என்று இக்கட்டுரை கருதுகிறது. விலையே இல்லாத ஒரு பொருளைச் செய்ய எந்தப் பங்குதாரரும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்.

மண்கல்

1989இல் மத்திய அரசின் வீட்டுவசதி நிறுவனமான ஹட்கோவின் ஆதரவுடன் தொடங்கி, சத்பிரேம் மைனி வழிநடத்திய ஆரோவில் மண் நிறுவனம், சுடாத செங்கல்லை இப்பகுதியின் கட்டடத் தொழிலுக்குள் கொண்டுவந்தது. செய்முறை எளிது. தோண்டிய இடத்து மண்ணைச் சலித்து, சுமார் 5 விழுக்காடு சிமெண்டைக் கலந்து, ஈரம் காட்டிப் பிசறுவார்கள். ஒரு பிடி எடுத்து உருண்டை பிடித்து, இடுப்பு உயரத்திலிருந்து தரையில் போட்டுப் பார்ப்பார்கள். பொடிப்பொடியாகச் சிதறினால் ஈரம் போதாது. தட்டையாக அப்பிக்கொண்டால் அதிகம். நாலைந்து துண்டாக உடைந்தால் பதம். பிறகு கையால் இயக்கும் ஆராம் அழுத்து இயந்திரத்தில் இட்டு, நெம்புகோலை இழுத்தால் கல் வெளியே வரும். ஈரம் போகாமல் மூடிவைத்து, தண்ணீர் தெளித்து, நான்கு வாரம் பதப்படுத்த வேண்டும். சூளையும் இல்லை, விறகும் இல்லை. இந்த முறையில் கட்டிய ஆரோவில் பார்வையாளர் மையம் 1992இல் ஹசன் ஃபத்தி விருது பெற்றது. உலகின் பல நாடுகளிலிருந்து வந்து இந்த வேலையைக் கற்றுச் சென்றிருக்கிறார்கள். உள்ளூரில் வீடு கட்டுகிறவர்களிடம் மட்டும் இது பரவலாகப் போய்ச் சேரவில்லை. மண்வீடு என்றால் வசதியில்லாதவர் வீடு என்ற எண்ணம் கிராமத்தில் இன்னும் மாறவில்லை. கான்கிரீட் வீடு கட்டுவது கௌரவம்; அந்த ஆசையை யாரும் குறை சொல்ல முடியாது.

உபாசனாவும் சுனாமிகாவும்

பீகாரைச் சேர்ந்தவரும் டெல்லியில் ஆடை வடிவமைப்புக்கான தேசிய நிறுவனமான நிஃப்டில் படித்தவருமான உமா பிரஜாபதி 1997இல் உபாசனாவைத் தொடங்கினார். முதலில் அது ஒரு சாதாரண ஆடை வடிவமைப்பு நிறுவனம். அதன் திசையைத் திருப்பியது 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை.

இந்தக் கடற்கரையின் மீனவக் குப்பங்கள் அதற்கு முன்பே நலிந்திருந்தன. புதுச்சேரித் துறைமுகத்துக்காக 1980களின் இறுதியில் கடலுக்குள் நீட்டிய கல்லணைகள், வடக்கு நோக்கி நகரும் மணலைத் தடுத்தன. மணல் வராததால் கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் கரைகளைக் கடல் தின்றது. கட்டுமரம் ஏற்றவும் வலை உலர்த்தவும் கருவாடு காயப்போடவும் இடமில்லாமல் போனது. கருவாடு காயப்போடுவதும் மீன் விற்பதும் பெண்களின் வருமானம். அலை வந்த பிறகு பலருக்குக் கடலைப் பார்க்கவே பயம். நிவாரணப் பொருள்கள் லாரியில் வந்தன, வேலை வரவில்லை.

உபாசனா தன் தையலில் மிஞ்சிய வெட்டுத்துணிகளை எடுத்து, இந்தப் பெண்களுக்கு ஒரு பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தது. விரல் நீளம்கூட இல்லாத ஒரு சிறு பெண். ஒட்டுத்துணியில் உடம்பு, நூலில் முடி, ஊசியால் இரண்டு தையல் போட்டால் கண். பெயர் சுனாமிகா. இதில் முக்கியமான முடிவு, பொம்மைக்கு விலை வைக்கக்கூடாது என்பது. வேண்டுவோருக்கு இலவசம், பெற்றவர்கள் விரும்பினால் நன்கொடை தரலாம். அந்த நன்கொடையிலிருந்து, செய்த ஒவ்வொரு பொம்மைக்கும் பெண்களுக்குக் கூலி போயிற்று. சில நூறு பெண்கள் கற்றார்கள்; பல லட்சம் பொம்மைகள் பல நாடுகளுக்குப் போயின. மனம் தேற ஒரு கைவேலையாகத் தொடங்கியது, அந்தப் பெண்கள் தம் பெயரில் கூலி வாங்கும் வேலையாக ஆனது.

விலையில்லாப் பொருளை வைத்துத் தொழில் நடத்த முடியுமா என்ற கேள்விக்கு, முடியும், ஆனால் பக்கத்தில் விலையுள்ள பொருளை விற்கும் ஒரு தொழில் வேண்டும் என்பதே உபாசனா காட்டும் விடை. துணியும் இடமும் பயிற்சியும் ஆடை விற்பனையின் தோளில் நின்றன. வாரணாசி நெசவாளர்களுடனும், மதுரைப் பக்கத்து இயற்கைப் பருத்தி விவசாயிகளுடனும் உபாசனா அடுத்தடுத்துத் தொடங்கிய வேலைகளும் அப்படித்தான். மடித்தால் சிறு பைக்குள் அடங்கும் துணிப்பையை அது பரப்பத் தொடங்கியது, தமிழ்நாட்டில் நெகிழிப்பைத் தடை வந்த 2019க்குப் பல ஆண்டுகள் முன்பு.

எகோ ஃபெம்

கிராமப் பெண்களின் சுயஉதவிக் குழுக்களோடு பணியாற்றும் ஆரோவில் கிராமச் செயல் குழுவின் வழியே 2010இல் உருவானது எகோ ஃபெம். கேத்தி வாக்லிங்கும் ஜெஸமைன் மீடமாவும் நிறுவனர்கள். துவைத்து மீண்டும் பயன்படுத்தும் பருத்தித் துணி மாதவிடாய் அணையாடையை உள்ளூர்த் தையல் பெண்களைக் கொண்டு தைத்து விற்பது தொழில். வெளிநாட்டில் முழு விலைக்கு விற்பவற்றின் வருவாயிலிருந்து இந்தியப் பள்ளிச் சிறுமிகளுக்கு இலவசமாகத் தருகிறார்கள். வசதி குறைந்த பெண்களுக்குக் குறைந்த விலை.

இதைக் கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தத்தின் வழியோடு வைத்துப் பார்க்க வேண்டும். அவர் மலிவான நாப்கின் செய்யும் சிறு இயந்திரத்தை உருவாக்கி, தானே பெரிய ஆலை வைக்காமல், இயந்திரத்தைப் பெண்கள் குழுக்களுக்கு விற்றார். 2016இல் பத்மஸ்ரீ பெற்றார். இரு தரப்பும் கண்ட பிரச்சினை ஒன்றே: பழைய துணி, அதை ஒளித்து வைக்கும் வெட்கம், அதனால் வரும் நோய். தீர்வு வேறு. முருகானந்தம் வாங்கி எறியும் பொருளின் விலையைக் குறைத்தார். எகோ ஃபெம், எறிவதையே நிறுத்தலாம் என்றது. ஊராட்சிகளில் குப்பை எடுக்க ஆள் இல்லாத இடங்களில் நாப்கின்கள் கொல்லையில் எரிகின்றன, ஏரியில் மிதக்கின்றன என்பதால் அந்த வாதத்துக்கு வலு உண்டு. ஆனால் துணி அணையாடைக்குத் தண்ணீர் வேண்டும், வெயில் வேண்டும், அதைவிட முக்கியமாக வெட்கப்படாமல் கொடியில் காயப்போட ஒரு வீடு வேண்டும். புடவைக்கு அடியில் மறைத்து உலர்த்தினால் சரியாகக் காயாது, நோய் திரும்பிவரும். அதனால்தான் அணையாடையைக் கொடுப்பதற்கு முன் சிறுமிகளை உட்காரவைத்து உடலைப் பற்றிப் பேசுவது இந்தத் தொழிலின் பகுதியாக இருக்கிறது. 2017இல் நாப்கினுக்கு விதிக்கப்பட்ட 12 விழுக்காடு ஜிஎஸ்டி, எதிர்ப்புக்குப் பின் 2018இல் நீக்கப்பட்டது. விலைத்தடை அப்படி ஓர் ஆணையில் குறைந்தது. கூச்சத்தை ஆணையால் நீக்க முடியாது.

பிற முயற்சிகள்

ஆழிப்பேரலைக்குப் பின் தொடங்கிய வெல் பேப்பர், பழைய செய்தித்தாளைச் சுருட்டிக் கூடையும் கிண்ணமும் செய்யப் பெண்களுக்குப் பயிற்சி தந்தது. 2003இல் தொடங்கிய ஸ்வரம், கோட்டக்கரை கிராமத்தில் உள்ளூர் இளைஞர்களை இசைக்கருவி செய்பவர்களாக்கியது. அறக்கட்டளைக்கு வெளியே, தனியார் நிறுவனமாக வளர்ந்த மேசன் அண்ட் கோ, தென்னிந்தியத் தோப்புகளில் ஊடுபயிராக விளையும் கொக்கோவிலிருந்து சாக்லேட் செய்கிறது. பச்சைக் கொட்டையை அப்படியே பெரிய நிறுவனங்களுக்கு எடை போட்டுக்கொண்டிருந்த விவசாயிகள், அதைத் தோப்பிலேயே புளிக்கவைத்து உலர்த்திக் கொடுத்தால் கூடுதல் விலை பெறலாம் என்ற வழியை இத்தகைய சிறு சாக்லேட் தயாரிப்பாளர்கள் திறந்தார்கள்.

கிராமத்தின் பங்கு

இந்தத் தொழில்களில் வேலை செய்பவர்கள் குயிலாப்பாளையம், இடையஞ்சாவடி, இரும்பை, பொம்மையார்பாளையம் போன்ற ஊர்களிலிருந்து வருகிறார்கள். நோக்கத்தைப் பேசியவர் பெரும்பாலும் வெளியூர்க்காரர். தைத்தவர், சலித்தவர், சுருட்டியவர் உள்ளூர்க்காரர். நிறுவனர்களின் பெயர் இணையத்தில் கிடைக்கிறது. இருபது ஆண்டு தைத்தவரின் பெயர் கிடைப்பதில்லை. உடைமை யாருக்கும் இல்லை என்ற கொள்கை நிறுவனரைப் பேராசையிலிருந்து காத்தது. அதே கொள்கையால் தொழிலாளிக்கும் பங்கு கிடைக்கவில்லை. அவருடைய ஆதாயம் வேறு வழியில் வந்தது. கோல்டன் பிரிட்ஜில் நடந்ததுபோல, வேலை கற்றவர் வெளியே வந்து சொந்தமாகத் தொடங்கினார். கோட்டக்குப்பத்திலிருந்து பெரிய முதலியார்சாவடி வரை நெடுஞ்சாலையோரம் உள்ள தோல் செருப்பு, ஊதுவத்தி, மரச்சாமான், துணிக் கடைகளில் அந்தக் கைத்திறனின் வழித்தடத்தைக் காணலாம்.

உப்பு

மேலே சொன்ன எந்த முயற்சியும் இந்தக் கடற்கரையின் மிகப் பழைய தொழிலான உப்பைத் தொடவில்லை. ஒருகாலத்தில் மரக்காணம் உப்பு பக்கிங்காம் கால்வாய் வழியே படகில் சென்னைக்குப் போனது. இன்றும் பாத்தி கட்டி, கடல்நீரைப் பாய்ச்சி, பலகையால் உப்பு வாருகிறார்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் அளத்தில் வேலை இல்லை. அந்த மாதங்களுக்குத் தமிழக அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு ரூ. 5,000 நிவாரணம் தருகிறது.

இங்கே புதிய தொழில் நுழையாததற்குக் காரணம் ஆர்வக்குறைவு மட்டுமன்று. 2006இல் அயோடின் சேர்க்காத உப்பை நேரடியாக உண்பதற்கு விற்கத் தடை வந்தது. முன்கழுத்துக் கழலையைத் தடுக்க அது தேவையான விதி. ஆனால் அயோடின் தெளிக்கும் இயந்திரமும், அளவைச் சோதிக்கும் ஆய்வகமும், பொட்டலம் கட்டும் வசதியும் சிறு அளக்காரரிடம் இல்லை. அவர் குவித்த உப்பை வியாபாரி சொல்லும் விலைக்கு மொத்தமாகத் தள்ளிவிடுகிறார். பல அளங்கள் சேர்ந்து பயன்படுத்தும் ஒரு பொது அயோடின் நிலையமும், மழைக்கு முன் உப்பைக் காத்துவைக்க ஒரு கிடங்கும் இருந்தால், மொத்த விலைக்கும் கடை விலைக்கும் இடையிலான தொகையில் ஒரு பகுதி மரக்காணத்திலேயே தங்கும். கோட்டக்குப்பம் பக்கத்தில் கைவினைக்குச் செய்துகாட்டிய ஏற்பாடு, பொது உடைமையும் சேர்த்து, உப்புக்கும் பொருந்தக்கூடியதே.