சோழி சொன்ன கிரகணம்

முலுண்டில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவும் கிரகண நேரம் அறிய இன்றும் பஞ்சாங்கத்தையே புரட்டுகின்றன. அந்நேரத்தை நம் முன்னோர் எங்ஙனம் கணித்தனர்?

சந்திரன் ஒரே வேகத்தில் செல்வதில்லை. பூமியை நெருங்குங்கால் விரைகிறது, விலகுங்கால் தளர்கிறது. இம்மாறுபாடு 248 நாட்களில் ஒன்பது முறை நிகழ்ந்து, மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது. இதனை உணர்ந்த முன்னோர், நாளுக்கு ஒன்றாக 248 வாக்கியங்களை இயற்றினர். அவற்றின் எழுத்துகளே எண்களைக் குறித்தமையால், மனனம் செய்தவர்க்கு ஏடும் வேண்டியதில்லை.

புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் அவ்வாறே மனத்தில் வைத்திருந்த வாக்கியங்களைக் கொண்டு, தரையில் சோழிகளைப் பரப்பி, 1825 மே 31 இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்தார். சென்னை வானாய்வுக் கூடத்தில் முன்னர்ப் பணியாற்றிய ஜான் வாரன் அதனைத் தம் ‘காலசங்கலித’ நூலில் பதிந்தார். கிரகணத் தொடக்கத்தில் நேர்ந்த பிழை 4 நிமிடமே; முடிவிலோ 52 நிமிடம். அது ஏன் என ஆராய அக்கணிதரால் இயலாது. கணக்கின் அடிப்படைக் கொள்கையை அவர் அறிந்திலர் என்கிறார் வாரன்.

தலைமுறைகள் கணக்கைக் காத்தன, காரணத்தைக் கைவிட்டன. தாய்மண்ணை விட்டுத் தொலைவில் நம் மக்களுக்குச் செய்யுட்களை மனனம் செய்விக்கும் நாம், பொருளையும் உடன் உணர்த்துவோமாக. இன்றேல் நம் தமிழுக்கும் அந்நிலையே நேரும்.