ஆற்காட்டுக் கடன்

கட்டபொம்மன் கதைப்பாடல்களைப் படித்தபோது எனக்கு முதலில் உறைத்தது ‘கும்பினி’ என்ற சொல்தான். பள்ளிக்கூடச் சரித்திரத்தில் இந்தச் சொல் சீக்கிரம் மறைந்துபோய், ‘ஆங்கிலேயர்’, ‘பிரிட்டிஷ் ஆட்சி’ என்பவை அதன் இடத்தில் உட்கார்ந்துகொள்கின்றன. இந்த ஒரு விஷயத்தில் நாட்டுப்பாடகன் நம் பாடப்புத்தக ஆசிரியர்களைவிடத் துல்லியமானவன். வரி கேட்டு வந்தது, லண்டனில் பங்குதாரர்களையும் கணக்குப் புத்தகத்தையும் வைத்திருந்த ஒரு வியாபார ஸ்தாபனம் என்பது அவன் வாயில் தங்கியிருக்கிறது. 1600 டிசம்பர் 31ல் எலிசபெத் ராணி கொடுத்த சாசனத்தால் பிறந்த கம்பெனி அது.

1959ல் வந்த சினிமாவின் வரி வசனத்தை என் தலைமுறையில் ஒப்பிக்காதவர்கள் குறைவு. வரி கேட்க நீ யார் என்ற கேள்வியில் வீரம் இருக்கிறது. அடுத்துக் கேட்க வேண்டிய கேள்விக்கு வீரம் போதாது, கணக்கு வேண்டும். வசூலித்த பணம் எங்கே போயிற்று? இதைத் தேடிப் புறப்பட்ட நான் பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து சேப்பாக்கத்துக்கும், சேப்பாக்கத்திலிருந்து லண்டன் பார்லிமெண்டுக்கும் போக வேண்டியதாயிற்று.

சேப்பாக்கம் அரண்மனை 1768ல் எழுந்தது. ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா கம்பெனியின் கோட்டைக்கு அருகே குடிவந்து கட்டிய வீடு. கட்டியவர் பால் பென்ஃபீல்டு என்பார்கள். நவாபுக்கு மிகப் பெரிய கடன் கொடுத்தவர்களில் ஒருவரும் இந்த பென்ஃபீல்டுதான். கடனின் அமைப்பைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை. நவாபுக்காகச் சண்டை போட்டதாகச் சொல்லிக் கம்பெனி அவருக்குச் செலவுக் கணக்கு அனுப்பும். கட்டப் பணமில்லாத நவாப் கம்பெனியின் உத்தியோகஸ்தர்களிடமே தனிப்பட்ட முறையில் கடன் வாங்குவார். ஈடாக இன்ன சீமையின் இன்ன வருஷத்து வரி வசூல் என்று எழுதிக் கொடுப்பார். கதிர் முற்றும் முன்பே களத்து நெல் எவனோ ஒரு குமாஸ்தாவுக்குச் சொந்தமாகிவிடும். வட்டி கொடூரமாக இருந்தது. பின்னால் கம்பெனியே தலையிட்டு அதைப் 10 சதவீதமாகக் குறைக்க வேண்டியிருந்தது. கடன் கொடுத்தவனையும் வாங்கியவனையும் நாம் ‘கடன்காரன்’ என்ற ஒரே சொல்லால் சொல்கிறோம். இந்த ஏற்பாட்டில் இருவருமே கடன்காரர்கள். அடைத்தவன் மூன்றாமவன், உழுதவன்.

1773ல் நவாபின் ஆட்கள் கம்பெனிப் படையின் துணையோடு தஞ்சாவூரைப் பிடித்தார்கள். ராஜா துளஜாஜி சிறைப்பட்டார். காவிரிப் பாசனத்து விளைச்சல் மறுபடியும் ஈடாக எழுதப்பட்டது. லண்டனிலிருந்த டைரக்டர்கள் இதை ஒப்பவில்லை. ராஜாவுக்கு நாட்டைத் திருப்பிக் கொடுக்கும்படி பிகட் பிரபுவைக் கவர்னராக அனுப்பினார்கள். 1776ல் அவர் அப்படியே செய்தார். உடனே பென்ஃபீல்டு முன்னால் வந்தார்: தஞ்சாவூர் வசூலின் மேல் தனக்கு சுமார் 2,30,000 பவுன் பாத்தியதை உண்டு என்றார். வருஷத்துக்குச் சில நூறு பவுன் சம்பளக்காரர் அவர். பிகட் ஏற்க மறுத்தார். அந்த ஆகஸ்டில் கவுன்சிலின் பெரும்பான்மை தன் கவர்னரையே கைது செய்தது. பிகட் காவலிலேயே 1777ல் இறந்தார். அவரைக் கவிழ்த்தவர்களில் நால்வருக்கு 1780ல் லண்டன் நீதிமன்றம் விதித்த தண்டனை, தலைக்கு ஆயிரம் பவுன் அபராதம். அவர்கள் சம்பாத்தியத்துக்கு அது சில்லறை.

இதுவரை நடந்ததைக் கொள்ளை என்று சொல்லிவிட்டுப் போகலாம். என்னை நிறுத்திவைப்பது இதற்குப் பிறகு நடந்தது. கொள்ளைப் பணம் கப்பலேறிப் போய்ப் பார்லிமெண்டில் இடம் வாங்கியது. அந்நாளைய இங்கிலாந்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய வாக்காளர்களை வைத்துக்கொண்டு இரண்டு உறுப்பினரை அனுப்பும் தொகுதிகள் இருந்தன. நிலத்தை வாங்கினால் தொகுதியும் கூடவே வரும். இந்த வழி புதிதும் அல்ல. பின்னாளில் 1698 முதல் 1709 வரை சென்னைக் கவர்னராக இருந்த தாமஸ் பிட், கம்பெனியின் அனுமதியில்லாமல் கீழ்த்திசையில் வியாபாரம் செய்து பணம் சேர்த்தவர். 1691லேயே ஓல்ட் சேரம் என்ற அப்படியொரு தொகுதியை வாங்கிவிட்டார். அவருடைய பேரன் மூத்த பிட் 1735ல் பார்லிமெண்டுக்குள் நுழைந்தது அதன் வழியாகத்தான். பென்ஃபீல்டு 1780ல் கிரிக்லேடு தொகுதியிலிருந்து போனார். தன்னையும் சேர்த்து எட்டு உறுப்பினர்களை அவர் உண்டாக்கினார் என்று எட்மண்ட் பர்க் குற்றம் சாட்டினார்.

1784ல் தாமஸ் பிட்டின் கொள்ளுப்பேரனான இளைய பிட் பிரதம மந்திரி. அவர் கொண்டுவந்த இந்தியச் சட்டம், நவாபின் கடன்களை விசாரிக்கச் சொன்னது. டைரக்டர்களும் விசாரிக்கும்படி சென்னைக்கு உத்தரவு எழுதினார்கள். சட்டப்படி அமைந்த புதிய கட்டுப்பாட்டுச் சபை, டண்டாஸ் என்பவரின் செல்வாக்கில், அந்த உத்தரவைத் திருத்தி எழுதியது: விசாரணை வேண்டாம், கர்நாடக வருமானத்திலிருந்து வருஷம் 12 லட்சம் வராகன், அதாவது 4,80,000 பவுன், ஒதுக்கிக் கடனைத் தீர்த்துவிடுங்கள். நவாபே ஒப்புக்கொண்ட கடனை நாம் ஏன் கிளற வேண்டும் என்பது சமாதானம். தேர்தலில் செய்த உதவிக்கு இது கூலி என்றார் பர்க்.

1785 பிப்ரவரி 28ல் பர்க் இதைப்பற்றிப் பேசிய பேச்சு புகழ் பெற்றது. அதில் வசைகளைவிட எனக்குப் பெரிதாகப் படுவது ஓர் இடம். செங்கல்பட்டு ஜாகீரின் வரைபடத்தை வைத்துக்கொண்டு அவர் அதிலுள்ள ஏரிகளை எண்ணியிருக்கிறார். 1,100க்கும் மேல் இருந்தனவாம். இவற்றை வெட்டிய பழைய அரசர்கள் வரப்போகும் சந்ததிக்காகப் பாடுபட்டவர்கள், நாம் அனுப்பியவர்களோ அடுத்த தவணைக்காக, என்ற பொருளில் பேசிக்கொண்டு போகிறார். ஐதர் கலாபத்திலும் பஞ்சத்திலும் கரை உடைந்துகிடந்த ஏரிகள் அவை. பழுதுபார்க்க வேண்டிய பணத்தைத்தான் தவணைக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நம் ஏரிகளை எண்ணிய அந்தப் பேச்சுக்குப் பிறகும் தீர்மானம் தோற்றது.

பர்க்கைத் தெய்வமாக்க நான் தயாராக இல்லை. அவருக்கு மிக நெருங்கிய உறவாகப் பழகிய வில்லியம் பர்க், தஞ்சாவூர் ராஜாவின் ஏஜெண்டாக இருந்தவர். நியாயத்தின் குரலுக்கும் ஒரு கட்சிக்காரர் இருந்தார். சென்னையின் துபாஷிகள், சாகுகார்கள் கையும் இந்தக் கடன்களில் நனைந்திருந்தது. மொத்த விவகாரத்திலும் குரலில்லாமல் இருந்தவன் ஏரியிலிருந்து மடை திறந்தவன் ஒருவன்தான்.

பிறகு நடந்தவை நாம் அறிந்த சரித்திரம், வேறு வெளிச்சத்தில். 1792 உடன்படிக்கைப்படி பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் உரிமை கம்பெனிக்குப் போயிற்று. அதே உடன்படிக்கையில் நவாபின் தனியார் கடன்களுக்கென்று வருஷம் 6 லட்சம் வராகனுக்கு மேல் ஒதுக்கப்பட்டிருந்தது. 1799ல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். 1801ல் கர்நாடகமே கம்பெனியின் கைக்கு வந்தது. விசாரிக்காமல் பணம் கிடைக்கும் என்று கண்ட ஊரில் கடன் பத்திரங்கள் பெருகாமல் இருக்குமா? 1805ல் ஒரு கமிஷன் உட்கார்ந்தது. 1830 வரை உட்கார்ந்தே இருந்தது. 3 கோடி பவுனுக்கு மேல் கேட்டு வந்தவற்றில் நியாயம் என்று ஏற்கப்பட்டது 27 லட்சம் பவுனுக்குள். ஒருமுறை விசாரித்ததும் பத்தில் ஒன்பது பங்கு பொய் என்று ஆயிற்று. 1785ல் விசாரித்திருந்தால்?

எனக்குப் படுவது இதுதான். ஸ்தாபனத்தின் பணம் ஜனநாயகத்தைக் கவிழ்க்க வேண்டியதில்லை. சபை கூடலாம், பர்க் பேசலாம், வாக்கெடுப்பு நடக்கலாம். ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்கப்படாமல் இருந்தால் போதும்: இந்தப் பணம் யாருடையது, எதற்காக? வரி கொடுப்பவனுக்குப் பிரதிநிதி வேண்டும் என்று பெருமை பேசிய சபையில், ஆற்காட்டின் வரிக்குப் பிரதிநிதி இல்லை. வட்டிக்கு எட்டுப் பேர் இருந்தார்கள்.

நம் குடியரசும் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியிருக்கிறது. கட்சிகளுக்கு நன்கொடை தர அனுமதி கேட்டு டாட்டா இரும்புக் கம்பெனி வந்தபோது, 1957ல் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் சாக்ளா சட்டப்படி அதை அனுமதித்தார். கூடவே, இது வளர்ந்தால் ஜனநாயகத்தின் கழுத்தை நெரிக்கும் என்று பார்லிமெண்டை எச்சரித்தார். 1969ல் கம்பெனி நன்கொடை தடைசெய்யப்பட்டது. 1985ல் வரம்போடு திரும்பி வந்தது. 2017ல் வரம்பே போயிற்று: லாபத்தில் இத்தனை சதவீதம் என்ற கட்டுப்பாடும் இல்லை, எந்தக் கட்சிக்கு என்று கணக்கில் காட்டவும் தேவையில்லை. 2018ல் வந்த தேர்தல் பத்திரம், கொடுத்தவர் பெயரை வாக்காளரிடமிருந்து மறைத்தது. 2024 பிப்ரவரி 15ல் உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்து பெயர்களை வெளியிடச் சொன்னது. இரண்டு காலமும் ஒன்றென்று நான் சொல்ல வரவில்லை. இங்கே வாக்காளர் இருக்கிறார், நீதிமன்றம் கேட்டது, பட்டியல் வந்தது. ஆனால் அதற்குள் ஒரு பொதுத்தேர்தலும் பல சட்டசபைத் தேர்தல்களும் நடந்து முடிந்திருந்தன. கேள்வி தாமதமாவதும் ஸ்தாபனத்துக்கு லாபம்தான்.

எழுதுகிறவர்களுக்கு இதில் ஒரு பொறுப்பு உண்டென்று நினைக்கிறேன். இப்போது ‘கார்ப்பரேட்’ என்ற சொல்லை மேடையிலும் கவிதையிலும் வசவாகப் பயன்படுத்துகிறோம். வசவில் எல்லோரும் அடங்கிவிடுவதால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ‘கும்பினி’ அப்படியல்ல, அது ஒருவரின் பெயர், அதற்கு ஒரு விலாசமும் பேரேடும் இருந்தன. சேப்பாக்கம் அரண்மனையும் கடைசியில் நவாபின் கடனுக்காக ஏலத்துக்கு வந்தது. சென்னை அரசாங்கமே வாங்கிக்கொண்டது. கடற்கரைச் சாலையில் பஸ்ஸில் போகும்போது அதன் கோபுரம் தெரிகிறது. நான் பார்க்கும்போதெல்லாம், அந்த வரைபடத்திலிருந்த 1,100 ஏரிகளில் எத்தனைக்கு அந்த வருஷம் கரை போட்டார்கள் என்ற எண்ணம்தான் வருகிறது.