ஒரு நூலைப் படித்த கதை



நூல் செய்த புலவர்களின் வரலாற்றை எழுதியோர் பலர். நூலைப் படித்தவர்களின் வரலாற்றை எழுதியோர் மிகச் சிலர். இன்ன காவியத்தை இன்னார் இயற்றினார் என்று பாடப் புத்தகம் சொல்லும். அக்காவியத்தைப் பின்னாளில் யார் கையில் எடுத்தார், எத்தகைய இடர்களுக்கிடையே பொருள் கண்டார் என்பதை அது சொல்வதில்லை. ஆயினும், படிப்பவர் ஒருவர் வாய்க்காவிடில் காவியமும் ஓலைக் கட்டாகவே கிடக்கும். பள்ளிக்கூடத்தில் பல்லாண்டு பணியாற்றி ஓய்வு பெற்ற ஆசிரியன் என்ற முறையில், படிப்பாளிகளின் வரலாற்றில் ஒரு பகுதியை இன்று தங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

என் ஊர் கடலூருக்கு மேற்கே கெடில நதிக்கரையில் உள்ள திருவந்திபுரம். அங்குள்ள ஔடதகிரி என்னும் சிறு குன்றின்மேல் கல்விக் கடவுளாகிய ஹயக்கிரீவருக்குக் கோயில் உண்டு. தேர்வுக் காலம் வந்தால் மாணவர் கூட்டம் படியேறிச் செல்லும். அவ்வாற்றங்கரையிலேயே சிறிது தொலைவில் இருப்பது திருப்பாதிரிப்புலியூர். லோகவிபாகம் என்னும் சமண நூல் சக ஆண்டு 380-இல், அதாவது கி.பி. 458-இல், பாடலி என்னும் ஊரில் எழுதப்பெற்றது என்று அந்நூலின் பிற்கால வடமொழி வடிவம் கூறுகிறது. அப்பாடலி இத்திருப்பாதிரிப்புலியூரே என்பது அறிஞர் பலரின் கருத்து. ஆகவே எங்கள் பகுதியில் ஏடும் படிப்பும் இன்று நேற்று வந்தவை அல்ல.

ஒரு நூலைப் படிக்க விரும்புவார்க்கு மூன்று தடைகள் உண்டு. நூல் கிடைக்காமை முதல் தடை. கிடைத்தாலும் எழுத்து விளங்காமை இரண்டாம் தடை. எழுத்து விளங்கினாலும் பொருள் விளங்காமை மூன்றாம் தடை.

முதல் தடையை வென்றவர் இருவர் கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோயில் பக்கத்தைச் சேர்ந்தவர்கள். ஒருவர் நாதமுனிகள். குடந்தைத் திருமாலைப் பாடிய பத்துப் பாசுரங்களை யாத்திரிகர் சிலர் பாட அவர் கேட்டார். ஆயிரத்துள் அவை பத்து என்று அவற்றின் இறுதிப் பாசுரமே தெரிவித்தது. எஞ்சியவை எங்கே என்று வினவினார். பாடியவர்களுக்குத் தெரியவில்லை. அவ்வினாவோடு அவர் குருகூர் வரை சென்று நாலாயிரத்தையும் பெற்று வந்தார் என்று குருபரம்பரை நூல்கள் கூறும்.

மற்றொருவர் திருநாரையூர் நம்பியாண்டார் நம்பி. தேவார ஏடுகள் தில்லைக் கோயிலில் ஓர் அறையில் பூட்டிக் கிடந்தன என்றும், சோழ மன்னன் முயற்சியால் கதவு திறக்கப்பட்டபோது அவற்றைக் கறையான் புற்று மூடியிருந்தது என்றும், எண்ணெய் சொரிந்து எடுத்தபின் எஞ்சியவற்றையே நம்பி தொகுத்தார் என்றும் திருமுறைகண்ட புராணம் கூறும். இன்று நாம் ஓதும் ஏறத்தாழ 800 பதிகங்கள் அவ்வாறு எஞ்சியவையாம். இவற்றை அடியார் அற்புதமாகக் கொள்வர். வரலாறு படிப்போர்க்கு இவற்றுள் வேறொரு செய்தியும் உண்டு. கையிலிருப்பது பத்து என்று அறிந்தவுடன் மற்றவை எங்கே என்று கேட்பவனே நல்ல படிப்பாளி.

மூன்று தடைகளையும் ஒருங்கே சந்தித்த ஒருவர் நமக்கு மிக அண்மைக் காலத்தவர். அவரே மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர். 1855-ஆம் ஆண்டு பிறந்து 1942-ஆம் ஆண்டு மறைந்த அவரைப் பதிப்பாசிரியர் என்று உலகம் போற்றுகிறது. அவருடைய சுயசரிதம் 1940 முதல் ஆனந்த விகடனில் தொடர்ந்து வெளிவந்து, 1950-இல் நூலாயிற்று. அதனைப் பலமுறை படித்த எனக்கு, பதிப்பாசிரியருக்கு முன்பாக ஒரு படிப்பாளியே அதில் காட்சி தருகிறார். படிப்பின் மேல் கொண்ட தீராத ஆசையே பின்னர்ப் பதிப்பாக மலர்ந்தது.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஐந்தாண்டுக் காலம் பாடம் கேட்டவர் அவர். 1880-ஆம் ஆண்டு கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் நாள், அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் கண்டார். என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் வினவ, அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று ஐயர் அடுக்கிக்கொண்டே போனார். முதலியாருக்கு அது போதவில்லை. சீவக சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று கேட்டார். அவற்றை ஐயர் படித்ததில்லை. அவருடைய ஆசிரியரும் பாடம் சொன்னதில்லை. முதலியார் சிந்தாமணியின் கையெழுத்துப் படியொன்றைக் கொடுத்துத் தமக்குப் பாடம் சொல்லுமாறு வேண்டினார். அந்நாளில் சிந்தாமணியில் நாமகள் இலம்பகம் ஒன்றே, பவர் என்னும் பாதிரியாரால் 1868-இல் அச்சிடப்பெற்றிருந்தது. எஞ்சிய பன்னிரண்டு இலம்பகங்களும் ஏட்டிலேயே கிடந்தன.

ஏடு கிடைத்தது, எழுத்து விளங்கவில்லை. பழைய ஓலைச் சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. நெடிலைக் காட்டும் காலுக்கும் ரகரத்துக்கும் வேறுபாடு இராது. ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு என்னும் பிரிவும் இல்லை. சொற்களுக்கிடையே இடம் விடும் வழக்கமும் இல்லை. செய்யுள் எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்று காண்பதே ஒரு முயற்சி.

இதனை என் வகுப்பு மாணவர்களுக்கு ஆண்டுதோறும் ஒரு பயிற்சியாக வைத்ததுண்டு. கரும்பலகையில் ஏட்டெழுத்து முறைப்படி ஒரு சொல்லை எழுதுவேன். ஒருவன் 'காடு' என்பான். மற்றவன் 'கரடு' என்பான். இன்னொரு சொல்லை ஒருவன் 'கொடி' என்பான். மற்றவன் 'கோடி' என்பான். இருவரும் சரியே. பின்னர் அச்சொல்லை ஒரு தொடருக்குள் வைத்து எழுதுவேன். "கொடி பூத்தது" என்றதும் வகுப்பு முழுவதும் ஒரே குரலில் படிக்கும். எழுத்தினால் பொருள் விளங்குவது போலவே, பொருளினாலும் எழுத்து விளங்கும் என்பதைப் பிள்ளைகள் தாமே கண்டுகொள்வார்கள். மூவாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுட்களையும் அவற்றின் உரையையும் இவ்வாறு எழுத்தெழுத்தாகத் துணிந்து படிப்பதற்கு எத்துணைப் பொறுமை வேண்டும் என்பதைத் தாங்களே எண்ணிப் பாருங்கள்.

மூன்றாம் தடையே மிகப் பெரியது. சிந்தாமணி சமண காவியம். ஐயரோ சைவ மடத்தின் ஆதரவில் வளர்ந்தவர். அந்நூலில் வரும் சமயச் சொற்கள் அவருக்குப் புதியவை. நச்சினார்க்கினியர் உரை துணைசெய்தது. ஆனால் அவ்வுரையாசிரியரோ பழைய நூல்களிலிருந்து அடிகளை எடுத்துக்காட்டி, நூற்பெயரைச் சொல்லாமலே சென்றுவிடுகிறார். ஒரு நூலை விளங்கிக்கொள்ளப் பல நூல்கள் வேண்டியிருந்தன. அவற்றைத் தேடித் திருவாவடுதுறை ஆதீனத்துப் பழஞ்சுவடிகளை ஆராய்ந்தபோது சங்க நூல்கள் அவர் கைக்கு வந்தன. உரையிற் கண்ட அடிகள் பல அங்கே தம் இருப்பிடத்தைக் காட்டின. 1889-இல் பத்துப்பாட்டும், 1894-இல் புறநானூறும் அவர் பதிப்பாக வெளிவந்தமைக்கு அத்தேடலில் வித்து இருக்கிறது.

சமயப் பொருளை எவரிடம் கேட்பது? கும்பகோணத்திலேயே சமணக் குடும்பங்கள் இருந்தன. ஐயர் ஒரு நாள் அங்கே சென்றபோது ஒரு வீட்டில் விழாக் கோலம் கண்டார். விசாரித்தபோது, அன்று சிந்தாமணி படித்து நிறைவெய்திய நாள் என்றனர். அறிஞர்களுக்கு எட்டாது கிடந்த காவியத்தை அவ்வில்லத்தார் ஆறு மாதமாக முறைப்படி படிக்கக் கேட்டுவந்திருக்கின்றனர்! பொருள் கூறியவர் திண்டிவனத்தை அடுத்த வீடூர் அப்பாசாமி நயினார். வீடூர் அந்நாளில் எங்கள் தென்னார்க்காட்டு மாவட்டத்து ஊர். அவரிடமும் சந்திரநாத செட்டியார் முதலிய அன்பர்களிடமும் ஐயர் பலகாலும் சென்று ஐயம் தெளிந்தார். கல்லூரி ஆசிரியர் மாணாக்கராய் அமர்ந்து கேட்டார். பின்னர் மணிமேகலையைப் படித்தபோது பௌத்தச் செய்திகளை அறிவதற்குப் பேராசிரியர் ரங்காசாரியாரை நாடினார்; ஆங்கிலத்திலிருந்த பௌத்த நூல்களை அவர் விளக்கிச் சொல்லக் கேட்டுக்கொண்டார். அந்நூல் 1898-இல் வெளிவந்தது.

1887-ஆம் ஆண்டு சிந்தாமணி முழுவதும் அச்சில் வெளிவந்தது. இவ்விடத்தில் தில்லையைப் பற்றி ஒன்று கூற வேண்டும். சோழ மன்னன் சிந்தாமணியில் ஈடுபட்டிருப்பதைக் கண்டு மனம் பொறாத சேக்கிழார், அதற்கு மாற்றாகத் தில்லை ஆயிரக்கால் மண்டபத்தில் இருந்து பெரியபுராணம் பாடினார் என்பது வழிவழிச் செய்தி. அந்தச் சிந்தாமணியை உலகுக்கு அளித்த ஐயரே 1924 முதல் 1927 வரை அதே சிதம்பரத்தில் மீனாட்சி தமிழ்க் கல்லூரித் தலைவராக இருந்து, சைவரும் பிறருமான மாணவர்களுக்குத் தமிழ் கற்பித்தார். சமய வேறுபாட்டால் நூல்களுக்கிடையே எழுந்த சுவரைக் காலமும் படிப்பும் தாழ்த்திவிட்டன.

இதற்கிடையில் இழந்தவை எத்தனையோ! ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்கு ஐயர் சென்றபோது, பழுதுபட்ட ஏடுகளை ஆகம விதிப்படி நெய்யில் தோய்த்து ஓமத் தீயில் இட்டுவிட்டதாகச் சொன்னார்கள். செய்தவர்கள் தீயவர்கள் அல்லர். புனிதமானதைக் குப்பையில் எறியலாகாது என்னும் பக்தியால் செய்தார்கள். ஏட்டைத் தொழுதற்குரியதாகக் கருதியவர்கள், அது படித்தற்குரியது என்பதை மறந்தார்கள். தொழப்பட்ட ஏடு எரிந்தது. வீடூர் நயினார் படித்துப் பொருள் சொன்ன காவியம் வாழ்ந்தது.

ஓய்வு பெற்றபின் சிந்தாமணியை உரையோடு முழுவதும் படித்துவிடுவது என்று நானும் நண்பர் மூவரும் உறுதி செய்துகொண்டோம். மொத்தம் 3145 செய்யுள். நாளொன்றுக்குப் பத்து என்றால் 315 நாளில் முடியும் என்பது கணக்கு. முடிய இரண்டு ஆண்டுகள் ஆயின. ஓர் உரைப்பகுதி குறுந்தொகைக்கு அனுப்பும். மற்றொன்று தொல்காப்பியத்துக்கு அனுப்பும். அங்கே போனால் இரண்டு நாள் திரும்பி வர இயலாது. இறுதியில் முத்தி இலம்பகத்தை அடைந்தபோது, நரகர், விலங்கு, மக்கள், தேவர் என்னும் நால்வகைக் கதிகளைப் பற்றிய பகுதி வந்தது. எங்கள் நால்வர்க்கும் அது ஏட்டுச் செய்தியாகவே இருந்தது. திண்டிவனம் பக்கத்திலிருந்து வந்து கடலூரில் குடியேறிய சமண அன்பர் ஒருவரை அழைத்துக் கேட்டோம். அவர் புத்தகத்தைப் பாராமலே, தம் பாட்டியார் சிறு வயதில் அந்நான்கு கதிகளையும் கதையாகச் சொல்லி வளர்த்த விதத்தை எடுத்துரைத்தார். தேவர் கதியும் துன்பமுடையதே என்று அவர் சொன்னபோது அவர் குரலில் இருந்த அமைதி எந்த உரையிலும் இல்லை. நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஐயர் நடந்த பாதை இன்னும் மூடிவிடவில்லை என்று அன்று மகிழ்ந்தேன்.

சிதம்பரத்துக்குத் தெற்கே உள்ள சீகாழியில் 1892-இல் பிறந்தவர் நூலக அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன். நூல்கள் பயன்படுவதற்கே உரியவை என்றும், ஒவ்வொரு நூலுக்கும் உரிய படிப்பாளி ஒருவர் உண்டு என்றும் 1931-இல் அவர் நூலக விதிகளை வகுத்து வெளியிட்டார். அவரது இடையறாத முயற்சியின் பயனாய் 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் பிறந்தது. நூல் கிடைக்காமை என்னும் முதல் தடை அதனால் பெரிதும் தளர்ந்தது. இன்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழந்தமிழ் நூல்களைக் கைப்பேசியிலேயே காணலாம். எழுத்து விளங்காமையும் அச்சினால் அகன்றது.

மூன்றாம் தடை மட்டும் அப்படியே இருக்கிறது. அதனை எந்த இயந்திரமும் நமக்காகக் கடந்து தரமாட்டாது. கடந்து தந்தாலும் கடந்த இன்பம் நமக்கு வாராது. அதற்கு மற்றொரு நூலைத் திறக்க வேண்டும். மற்றொருவர் வீட்டுப் படியேற வேண்டும். தெரியவில்லை, சொல்லுங்கள் என்று கேட்க வேண்டும். இளைஞர்கள் ஆண்டுக்கு இத்தனை நூல் படிப்பதென்று உறுதி எடுப்பதாக அறிகிறேன், நன்று. அவற்றுள் ஒன்றேனும் தமக்கு எளிதில் விளங்காத நூலாக இருக்கட்டும். தம் சமயத்துக்கும் பழக்கத்துக்கும் அப்பாற்பட்ட நூலாக இருந்தால் மேலும் நன்று. அந்நூலை அறிந்தவர் ஒருவர் தங்கள் ஊரிலேயே, ஒருகால் அடுத்த தெருவிலேயே, இருக்கக்கூடும். சென்று கேளுங்கள்.