பழைய மிதிவண்டியும் பொதுச்சாலையும்

நம் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று கேட்கப்பட்டபோது, பள்ளியின் வரலாறு, விடுதியின் வரலாறு, உதவித்தொகையின் வரலாறு ஆகியவை பிறரால் செவ்வனே எழுதப்பெறும் என்பதை அறிந்தோம். ஆகவே எவரும் எழுத முன்வராத பொருள் ஒன்றை நாம் எடுத்துக்கொண்டோம். அது பழைய மிதிவண்டி. கடையிலிருந்து காகிதம் சுற்றி வந்த புது வண்டி அன்று. இரண்டு மூன்று பேரிடம் கைமாறி, வண்ணம் உதிர்ந்து, மணியும் விளக்கும் இழந்து நம் சேரிக்கு வந்து சேர்ந்த வண்டி.

இதனைப் படிக்கும் இளைஞர்களுள் சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். ஆனால் தத்தம் வீட்டில் முதன்முதலாக உயர்நிலைப் பள்ளியை எட்டிப் பார்த்தவர் யார், அவர் எதில் சென்றார் என்று முதியோரிடம் ஒருமுறை கேட்டுப் பார்க்குமாறு வேண்டுகிறோம்.

இன்று நாம் காணும் வடிவிலான மிதிவண்டி, இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவரால் 1885இல் உருவாக்கப்பட்டது. இரு சக்கரங்களும் ஏறத்தாழ ஒரே அளவு, நடுவில் மிதிகட்டை, அங்கிருந்து பின்சக்கரத்துக்குச் சங்கிலி. மூன்றாண்டுகள் கழித்து, 1888இல், டன்லப் என்னும் கால்நடை மருத்துவர் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பின்னரே கரடுமுரடான பாதையிலும் எலும்பு நோகாமல் செல்ல முடிந்தது. நம் நாட்டுக்கு அது கப்பலில் வந்தது. வெள்ளைக்கார அதிகாரி ஏறினார். பின்னர் வக்கீலும், மருத்துவரும், மிராசுதாரர் மகனும் ஏறினர். துவிச்சக்கர வண்டி என்று அக்காலத்து ஏடுகள் அதற்குப் பெயரிட்டன. நம்மவர் அதனைத் துடைத்துவைக்கும் வேலையில்தான் முதலில் தொட்டிருப்பர்.

வண்டியின் வரலாற்றைக் கூறுமுன் சாலையின் வரலாற்றைக் கூறியாக வேண்டும். ஏனெனில் நமக்கு வண்டி இல்லை என்பதற்கு முன்பே வழி இல்லை என்பது இருந்தது. திருவிதாங்கூரில் மாமனிதர் அய்யன்காளி 1893இல் ஒரு வில்வண்டியை விலைக்கு வாங்கி, தலைப்பாகை அணிந்து, ஒடுக்கப்பட்டோர் நடக்கக்கூடாதென்று தடுக்கப்பட்டிருந்த பொதுச்சாலையில் அதனை ஓட்டிச் சென்றார். சென்னை மாகாணத்தில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1924இல் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து, பொதுத் தெருக்களும் சாலைகளும் கிணறுகளும் அனைவர்க்கும் உரியன என்று அரசே ஆணை பிறப்பிக்கச் செய்தார்.

ஆணை பிறந்து ஆறு ஆண்டுகள் கழித்து நடந்ததை நம் இளைஞர்கள் மறவாமல் அறிந்துகொள்ள வேண்டும். 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் கூடி, ஆதிதிராவிடர் மீது எட்டுத் தடைகளை விதித்தனர். பொன் வெள்ளி நகை அணியலாகாது; முழங்காலுக்குக் கீழே ஆடை இறங்கலாகாது; மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் வைத்திருக்கலாகாது; ஆண்கள் வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கலாகாது; செருப்பணியலாகாது. தடைகளை நம்மவர் மீறினர். குடிசைகளுக்குத் தீ வைக்கப்பட்டது, தானியம் அழிக்கப்பட்டது, கால்நடை கொள்ளையிடப்பட்டது. 1931 ஜூனில் மீண்டும் கூடித் தடைகளைப் பதினொன்றாக ஆக்கினர். 1931ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின் ஆணையராக இருந்த ஹட்டன் என்னும் ஆங்கிலேயர் இவற்றைத் தம் நூலில் பதிவு செய்துள்ளார். அப்புதிய பட்டியலில் இரண்டு தடைகளை நாம் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒன்று, அவர்களின் பிள்ளைகள் எழுத்தறிவு பெறலாகாது என்பது. மற்றொன்று, எக்காரியத்துக்கும் எவ்வகை வண்டியையும் பயன்படுத்தலாகாது என்பது. படிப்பையும் வண்டியையும் ஒரே ஓலையில் தடுத்தவர்கள், அவ்விரண்டுக்கும் உள்ள உறவை நம்மினும் முன்னதாக அறிந்திருந்தனர் போலும்!

நாடு விடுதலை பெற்ற பின்னர் மிதிவண்டி உள்நாட்டிலேயே ஆயிற்று. 1949இல் தொடங்கப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் சென்னையை அடுத்த அம்பத்தூரில் ஹெர்குலிஸ் வண்டிகளைச் செய்தது. வங்கத்தில் ஆசன்சோலில் ராலே வண்டி உருவாயிற்று. 1951இல் சோனிப்பட்டில் அட்லஸ், 1956இல் லூதியானாவில் ஹீரோ என்று தொழிற்சாலைகள் பெருகின. வண்டிகள் பெருகினவே ஒழிய, நெல்லாகக் கூலி பெற்றுவந்த குடும்பத்துக்குப் புது வண்டியின் விலை எட்டாக்கனியாகவே இருந்தது. ஆசிரியர், தபால்காரர், கூட்டுறவுச் சங்க எழுத்தர் ஆகியோரே புது வண்டி வாங்கினர். அவர்களிடமிருந்து வாடகை சைக்கிள் கடைக்குப் போனது. அங்கே சில ஆண்டுகள் மணிக்கணக்கில் ஓடித் தேய்ந்த பின் நம்மிடம் வந்தது.

வாடகைக் கடையைப் பற்றி ஒரு சொல். அரை மணி, ஒரு மணி என்று வண்டி எடுத்து, ஆற்றுமணலை ஒட்டிய மேட்டிலோ ஏரிக்கரையிலோ குரங்குப் பெடல் போட்டுப் பழகாதவர் அத்தலைமுறையில் மிகச் சிலரே. ஆனால் சேரிப் பிள்ளைக்கு வண்டி தர மறுத்த கடைகளும் இருந்தன. தெரிந்தவர் ஒருவர் வந்து பொறுப்பேற்றால்தான் தருவோம் என்ற கடைகளும் இருந்தன. ஆகவேதான், எவ்வளவு பழசாயினும் சொந்த வண்டி ஒன்று வேண்டும் என்ற வேட்கை நம்மவரிடையே வேரூன்றியது.

பழைய வண்டி வாங்குவது தனிக் கலை. நம் காலனியில் அக்கலை கைவந்த பெரியவர் ஒருவர் இருந்தார். வண்டி பார்க்கப் போகும்போது அவரை உடன் அழைத்துச் செல்லாமல் எவரும் முன்பணம் கொடுத்ததில்லை. அவர் முதலில் வண்ணத்தையோ சீட்டையோ பார்க்கமாட்டார். ஹேண்டில்பார் இறங்கும் கழுத்துக்குச் சற்றுப் பின்னால், மேல் பாரிலும் கீழ் பாரிலும் அடிப்புறமாகக் கட்டைவிரலை ஓட்டுவார். அங்கே புடைப்போ, வண்ணத்தில் சுருக்கமோ தட்டுப்பட்டால் வண்டி எதன்மீதோ மோதியிருக்கிறது என்று பொருள், பேச்சின்றித் திரும்பிவிடுவார். அடுத்து, போர்க் பின்னுக்கு வளைந்திருக்கிறதா என்று பக்கவாட்டில் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். பிறகு வண்டியைத் தூக்கிப் பிடித்துச் சக்கரத்தைச் சுழற்றுவார். ரிம் பிரேக் கட்டையை ஒருபுறம் உரசி மறுபுறம் விலகினால் கோட்டம் இருக்கிறது. அது பெரிய குறையன்று. முன்சக்கரத்தின் 32 கம்பிகளும் பின்சக்கரத்தின் 40 கம்பிகளும் முறையாக இருந்தால் கோட்டம் எடுத்துவிடலாம். பெடல் கட்டையைப் பிடித்து உள்ளும் புறமும் ஆட்டுவார். காட்டர் பின் தேய்ந்திருந்தால் சிறு செலவு. செயினை முன்பல்லிலிருந்து விரலால் இழுப்பார். ஒரு பல் முழுதும் வெளியே தெரியுமளவு செயின் எழும்பினால், செயினோடு பல்சக்கரத்தையும் மாற்ற வேண்டிவரும் என்று விலையைக் குறைப்பார். மாற்றக்கூடியது எது கெட்டிருந்தாலும் பயமில்லை, சட்டம் மட்டும் நேராக இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. டயரும் டியூபும் குண்டும் கிரீஸும் கடையில் கிடைக்கும். நேரான சட்டம் கிடைக்காது.

வாங்கிய வண்டியை ஓவராயில் செய்வதென்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை விழா. அச்சுகளைக் கழற்றி, குண்டுகளை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, தேய்ந்த குண்டைத் தனியே பொறுக்கியெடுத்துப் புதுக் கிரீஸ் வைத்து மூட்டுவார்கள். முன்னச்சுக் குண்டு சிறியது, பின்னச்சுக் குண்டு பெரியது. இரண்டையும் கலந்துவிட்ட சிறுவன் அடி வாங்குவான். இப்படிக் கற்றவர்களே பின்னாளில் சாலையோரம் பஞ்சர் கடை வைத்தனர். வேறு தொழில் தர ஊரில் எவரும் இல்லாதபோது, ஒரு பம்பும் ஸ்பேனரும் சொல்யூஷன் டப்பாவும் அவர்களுக்கு முதலாயின.

விலையைவிடக் கடினமானது ரசீது. பழைய வண்டிக்குப் பெரும்பாலும் ரசீது இராது. சட்டத்தில் பொறித்த எண்ணை ஒரு தாளில் எழுதி, விற்றவரிடம் கையொப்பம் வாங்கி வைக்குமாறு பெரியவர் வற்புறுத்துவார். வழியில் நிறுத்தப்படும்போது, மற்றவரிடம் விளக்கு இருக்கிறதா என்று கேட்பார்கள்; நம் இளைஞனிடம் இவ்வண்டி யாருடையது என்று கேட்பார்கள். அக்காலத்தில் நகராட்சிகளும் ஊராட்சிகளும் மிதிவண்டிக்கு வரி விதித்து உலோக வில்லை வழங்கின. பிறர் அந்த வரியைச் சுமையாகக் கருதினர். நம்மவர் முந்திக்கொண்டு கட்டினர். வில்லை மாட்டிய வண்டி திருட்டு வண்டி ஆகாதல்லவா!

வண்டி வாங்கியாயிற்று, ஏறி ஓட்ட வேண்டுமே. சேரியிலிருந்து பள்ளிக்குச் செல்லும் நேர்வழி ஊர்த்தெரு வழியாகச் சென்றது. தெருமுனையில் இறங்கி, மறுமுனை வரை தள்ளிக்கொண்டு போய், அங்கே ஏற வேண்டும். எழுதப்படாத இக்கட்டளையைத் தமிழகத்தின் பல ஊர்களில் நம் மக்கள் அனுபவித்தனர். நம் தந்தையரில் சிலர் ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போயினர்; தொலைவு இரு மடங்காயினும் இறங்க வேண்டியதில்லை. இன்னொருவர் செய்தது விந்தையானது. தெருமுனைக்கு வந்ததும் குனிந்து செயினைக் கழற்றிவிடுவார். செயின் கழன்ற வண்டியைத் தள்ளித்தானே ஆக வேண்டும்? மறுமுனையில் மாட்டிக்கொண்டு ஏறிச் செல்வார். சாதிக்கு அஞ்சி இறங்கவில்லை, செயினுக்காக இறங்கினேன் என்று தம் மனத்துக்கே அவர் சொல்லிக்கொண்ட சமாதானம் அது. பள்ளி இறுதி வகுப்பு முடியும்வரை அவர் கைகளில் கிரீஸ் கறை நீங்கவில்லை. இளமையில் இதைக் கேட்டபோது அவரைக் கோழை என்று நாம் எண்ணியதுண்டு. இன்று அவ்வாறு எண்ணவில்லை. அவர் ஒரு நாளும் பள்ளிக்குப் போகாமல் இருந்ததில்லை.

சட்டம் இல்லாமலில்லை. அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. இவை எவற்றிலும் மிதிவண்டி என்ற சொல் இல்லை. 1989ஆம் ஆண்டுச் சட்டத்தை 2015இல் திருத்தியபோதுதான், பொது இடத்தில் மிதிவண்டியிலோ மோட்டார் சைக்கிளிலோ ஏறிச் செல்வதைத் தடுப்பதும், செருப்பணிவதைத் தடுப்பதும் தண்டனைக்குரிய குற்றங்கள் என்று பெயர் சுட்டி எழுதினர். 2016 ஜனவரி 26 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 1930ஆம் ஆண்டுப் பட்டியலிலிருந்த செருப்பும் 1931ஆம் ஆண்டுப் பட்டியலிலிருந்த வண்டியும் 85 ஆண்டுகள் கழித்து நாடாளுமன்றத்தின் சட்டத்தில் இடம்பெற வேண்டியிருந்தது என்றால், இடையில் எத்தனை பேர் இறங்கித் தள்ளியிருப்பர் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இதுவரை ஆண்களைப் பற்றியே எழுதிவிட்டோம். பெண் மிதிவண்டி ஏறுவதை நம் சேரியும் விரும்பியதில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதனை உடைத்தது புதுக்கோட்டை. 1991இல் அங்கே நடைபெற்ற அறிவொளி இயக்கம், மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால், எழுத்தறிவோடு மிதிவண்டியையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. கல்லுடைக்கும் பெண்களும் வயலில் உழைக்கும் பெண்களும் ஆயிரக்கணக்கில் கற்றனர். பெண்களுக்கான வண்டி போதாமல், பார் வைத்த ஆண்கள் வண்டியிலேயே பலர் பழகினர். அரிச்சுவடியும் வண்டியும் இம்முறை சேர்ந்தே வந்தன.

2001-02ஆம் கல்வியாண்டில் மேல்நிலை வகுப்புப் பயிலும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்குத் தமிழக அரசு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கியது. பின்னர் அது மற்ற மாணவ மாணவியர்க்கும் விரிந்தது. நம் குடும்பங்கள் பலவற்றில் முதன்முதலாக நுழைந்த புது வண்டி அதுவே, அதுவும் மகளின் பெயரில். சிலர் அதனை விற்றுவிட்டார்களே என்று குறை கூறுவோர் உண்டு. விற்றவர்களை நாம் பழிக்கமாட்டோம். விற்ற வண்டியும் எங்கோ ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அரசு தருவது மேல்நிலை வகுப்பில். ஆறாம் வகுப்பிலேயே பள்ளி தொலைவாகிவிடுகிறது. அந்த ஐந்தாண்டு இடைவெளியை நிரப்ப இன்றும் பழைய வண்டியே வேண்டும்.

நம் சங்கம் ஆரம்ப நாள் முதல் அதைத்தான் செய்துவருகிறது. மேல்நிலை வகுப்பு முடித்த அக்காளின் வண்டியை வாங்கி, செப்பனிட்டு, ஆறாம் வகுப்புத் தங்கைக்குக் கொடுப்பது. சட்டத்தின் எண்ணும் பெறுபவர் பெயரும் ஒரு நோட்டில் எழுதப்படும். பெரியவர் கற்றுத்தந்த பழக்கம். சங்கக் கட்டடத்தின் பின்கட்டில் இப்போது நான்கு வண்டிகள் நிற்கின்றன. அவற்றுள் ஒன்றின் பின்சக்கரத்தில் மூன்று கம்பிகள் இல்லை. இன்னொன்றின் செயின் ஒரு பல் எழும்புகிறது. ஞாயிறுதோறும் காலை எட்டு மணிக்கு வேலை தொடங்கும். ஸ்பேனர் சங்கத்திலேயே இருக்கிறது; வரும் இளைஞர்கள் பழைய துணி மட்டும் கொண்டுவந்தால் போதும்.