மெட்டுப் பாதையும் மூத்தோர் கால்களும்

சங்க மலருக்கு ஒரு சரித்திரக் கட்டுரை வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, பாலக்காடு ஜைனமேட்டுக் கோயிலைப் பற்றி எழுதுவதாகத்தான் ஒப்புக்கொண்டேன். குமாரன் ஆசான் 1907ல் ‘வீணபூவு’ எழுதத் தொடங்கிய இடம் என்று மலையாள நண்பர்கள் பெருமையோடு சொல்லும் இடம் அது. குறிப்பெல்லாம் எடுத்தாயிற்று. அதற்குள் 2023 டிசம்பரில் குளியலறை வாசலில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டு முறிந்தது. நாற்பது வருஷம் ஏலக்காயும் மிளகும் வாங்கப் போடிமெட்டும் கம்பமெட்டும் ஏறி இறங்கியவன், சமதளத்தில், டைல்ஸ் போட்ட சொந்த வீட்டில் விழுந்தேன். அந்த வெட்கத்தில் கட்டுரை திசை மாறிவிட்டது. வாசக அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

மகன் சொன்னான்: “போதும்ப்பா, இனிமே கடைக்கு வர வேண்டாம். உட்காருங்க.” உட்கார்ந்தேன். இரண்டு மாதத்தில் கை கூடிவிட்டது, கால் போய்விட்டது. தரையில் சம்மணமிட்டால் சுவரைப் பிடிக்காமல் எழ முடியவில்லை. விழுந்ததைவிட இதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

உட்கார்ந்த நாட்களில் சிலப்பதிகாரத்தை மறுபடி எடுத்தேன். நாடுகாண் காதையை எத்தனையோ தடவை படித்தவன்தான், ஆனால் இந்தத் தடவை வேறு மாதிரிப் பட்டது. புகாரிலிருந்து மதுரை முப்பது காதம். கோவலன் கண்ணகியோடு கவுந்தியடிகளும் நடக்கிறார். புறப்படுமுன் அவர் வழியின் ஏதங்களைச் சொல்கிறார். சோலை வழியே போனால், வள்ளிக்கிழங்கு தோண்டிய குழியைச் செண்பகப் பூ உதிர்ந்து மூடியிருக்கும், கவனமில்லாதவர் காலை வைத்து விடுவார்கள். அதற்குப் பயந்து உதிர்ந்த பூக்களை ஒதுங்கிப் போனால், தாழத் தொங்கும் பலாப்பழம் தலையில் முட்டும். மஞ்சளும் இஞ்சியும் பின்னிய பாத்தியில் பலாக்கொட்டை பரற்கல்லைப் போலக் காலை உறுத்தும். வயல் வழியோ என்றால் நண்டும் நத்தையும் மிதிபடும், அது பாவம். மூடிய குழி, தலையில் இடி, காலடியில் உருளும் பொருள். இன்றைக்கு முதியோர் நல மருத்துவர் வீட்டுக்கு வந்து பார்த்து எழுதித் தரும் பட்டியலும் ஏறக்குறைய இதுதான். பூவுக்குப் பதிலாக நம் வீட்டில் மிதியடி.

எங்கள் முனிவர்களுக்கு ‘ஈர்யா சமிதி’ என்று ஒரு விதி உண்டு. பகல் வெளிச்சத்தில், முன்னால் நான்கு முழத் தரையைப் பார்த்து நடக்க வேண்டும். அது பிற உயிர் மிதிபடாமல் இருப்பதற்கு. நடப்பவர் விழாமல் இருப்பது கூடக் கிடைத்த லாபம் (வியாபாரி புத்தி, அப்படித்தான் தோன்றுகிறது).

சரி, மலைக்கு வருவோம். நம் எல்லைப்புறத்தில் ‘மெட்டு’ என்று முடியும் ஊர்களைக் கவனியுங்கள்: போடிமெட்டு, கம்பமெட்டு, தேவாரம்மெட்டு. சமவெளித் தமிழன் மலை ஏறி முடித்து மூச்சு வாங்கிய இடங்கள் இவை. 1877ல் மன்றோ துரை பூஞ்சாறு அரச குடும்பத்திடம் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகை பெற்ற பிறகு, கங்காணிகள் திருநெல்வேலி, மதுரைச் சீமைகளில் ஆள் கூட்டினார்கள். வந்தவர்கள் கால்நடையாகவே மலை ஏறினார்கள். 1902ல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை மாடு இழுக்கும் ஒற்றைத் தண்டவாளம், 1908ல் அதற்குப் பதில் சிறு ரயில், அங்கிருந்து கீழே கொட்டகுடிக்குக் கயிற்றுவழி. எல்லாம் தேயிலைப் பெட்டிக்கு. ஆளுக்குக் கால்வழிதான். 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போயிற்று. கால்வழி மட்டும் நின்றது.

நான் மாமா கடையில் பையனாகச் சேர்ந்த 1970களின் கடைசியில், அறுபதைத் தாண்டிய ஆத்தாமார் ஏலத்தோட்டத்தில் வேலை செய்வதை நேரில் பார்த்திருக்கிறேன். ஏலக்காய் செடியின் அடியில், தரையோடு காய்ப்பது. குந்தி எடுக்க வேண்டும், எழ வேண்டும், சரிவில் நகர வேண்டும், மறுபடி குந்த வேண்டும், இடுப்பில் கூடை வேறு. அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். முட்டி தேய்ந்து, முதுகு வளைந்து, மழையில் சறுக்கி விழுந்து படுத்தவர்களையும் கண்டேன். கூலிக்காகச் செய்த பாட்டை நாம் ‘உடற்பயிற்சி’ என்று புகழ்வது அநியாயம். ஆனால் அந்தக் கால்களில் ஒரு பிடிமானம் இருந்தது என்பதும் பொய்யில்லை.

பிறகு ஜீப் வந்தது. இன்று கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் தோட்டத்து ஆட்கள் விடியற்காலையில் ஜீப்பில்தான் மலை ஏறுகிறார்கள். என் தொழிலும் அப்படித்தான் ஆயிற்று. 2007க்குப் பிறகு ஏலக்காய் ஏலம் மின்முறை. மாதிரியைப் பார்த்து, நாற்காலியில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினால் போதும். பாலக்காட்டுப் பக்கத்திலும் இதே கதை. சித்தூர்த் தாலுகாவிலிருந்து காவடியோடு பழனிக்கு நடந்தவர்களின் பேரன்மார் இன்று காரில் போகிறார்கள். மலையில் 1966லேயே விஞ்ச் வந்துவிட்டது, 2004ல் ரோப் காரும் வந்தது. முடியாதவர்களுக்கு அது பெரிய உபகாரம். முடிந்தவர்களும் வரிசையில் நிற்பதுதான் எனக்கு ஒப்பவில்லை.

விழுவது அற்ப விஷயமில்லை. உலகில் ஆண்டுக்கு 6,84,000 பேர் விழுந்தே இறக்கிறார்கள், அதில் அதிகம் பேர் அறுபது தாண்டியவர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2011 கணக்கெடுப்பில் கேரளத்தில் நூற்றுக்கு 12.6 பேர் அறுபது வயதுக்காரர்கள், 2021க்கு 16.5 என்று மதிப்பிட்டார்கள். பிள்ளைகள் வெளியூரில், பெரியவர்கள் வீட்டில் தனியாக. நம் சங்கக் குடும்பங்களுக்கு இது புதுசில்லை.

டாக்டரிடம் போய், “தினம் அரை மணி நடக்கிறேன், போதுமா?” என்று கேட்டேன். “நல்லதுதான், ஆனா விழாம இருக்க அது மட்டும் பத்தாது” என்றார். அவர் காட்டிய 2019ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வில் 25 நாடுகளின் 108 ஆய்வுகள், 23,407 முதியவர்கள். உடற்பயிற்சியால் விழுதல் 23 சதவீதம் குறைந்தது. அதிலும் பலன் தந்தது, சமநிலையைப் பழக்குவதும், உட்கார்ந்து எழுவது போன்ற அன்றாட அசைவுகளும். வெறும் நடைக்கு மட்டும் அப்படிச் சான்று கிடைக்கவில்லை. 2020ல் உலக சுகாதார நிறுவனமும், 65 தாண்டியவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலையும் வலுவும் சேர்ந்த பயிற்சி செய்ய வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. குந்துதல், எழுதல், சரிவில் ஒற்றைக்கால் ஊன்றல் என்று மெட்டுப் பாதையில் தானாக நடந்தவை, தார் ரோட்டு நடையில் கிடைப்பதில்லை. இது என் தாழ்மையான கருத்து.

நாற்காலியில் கை ஊன்றாமல் எழுவதும், ஜன்னல் கம்பியைப் பிடித்து ஒற்றைக்காலில் நிற்பதுமாகத் தொடங்கினேன். மகன் முதலில் முறைத்தான், பிறகு தானே குளியலறையில் கைப்பிடி வைத்துக் கொடுத்தான்.

2024 ஏப்ரல் 23, சித்ரா பௌர்ணமி. வருஷத்தில் அன்று ஒரு நாள் மட்டும் திறக்கும் மங்கலதேவி கண்ணகி கோட்டத்துக்குப் போனேன். குமுளியிலிருந்து ஜீப் உண்டு. நான் தேனி மாவட்டத்துப் பளியன்குடி வழியைப் பிடித்தேன். ஆறு கிலோமீட்டருக்கு மேல் ஏற்றம். பாதியில் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டேன். மேலேயிருந்து, என்னைவிடப் பத்து வயது மூத்த ஓர் அம்மா வெறுங்காலோடு, குச்சியை ஊன்றி, தரையைப் பார்த்தபடி இறங்கி வந்தார்.

“என்ன தம்பி, முடியலயா?”

“கொஞ்சம் இளைப்பாறுறேன்மா.”

“மெதுவா போங்க. ஏறுறப்ப ஒண்ணும் ஆவாது. எறங்குறப்பத்தான் பாத்து வரணும்.”

அறுபத்தாறு வயதில் தம்பி என்று கூப்பிட ஆள் இருக்கிறது. எழுந்து நடந்தேன், கோட்டத்தை அடைந்தபோது மணி பன்னிரண்டரை.