மஞ்சள் பூசி நடந்த லீ வென்

சிங்கப்பூரின் நிகழ்த்துகலை முன்னோடிகளுள் ஒருவர் லீ வென் (1957–2019). வங்கி வேலையை உதறிவிட்டு, ஏறத்தாழ முப்பது வயதில்தான் லாசால் கலைப் பள்ளியில் சேர்ந்தார்.

பின்னர் லண்டனில் படித்தபோது பலரும் அவரைச் சீனாவிலிருந்து வந்தவர் என்றே எண்ணினர். சிங்கப்பூரர் என்ற அடையாளம் யார் கண்ணிலும் படவில்லை. 1992ல் உள்ளாடை மட்டும் அணிந்து, உடல் முழுவதும் மஞ்சள் சாயம் பூசி மக்கள்முன் வந்தார். ‘மஞ்சள் மனிதனின் பயணம்’ எனும் அத்தொடர் பல நாடுகளுக்குச் சென்றது. பிறர் தம்மீது ஏற்றிய நிறத்தைத் தாமே அள்ளிப் பூசிக்கொண்டார். அதில் குறும்பும் உண்டு, கோபமும் உண்டு.

உள்ளூரில் பாதை எளிதாக இல்லை. வேறொரு கலைஞரின் படைப்பு சர்ச்சையானதை அடுத்து, 1994லிருந்து 2003 வரை நிகழ்த்துகலைக்குத் தேசிய கலைகள் மன்றம் நிதி தரவில்லை. அக்கலையை விடாத லீ வென்னுக்கு 2005ல் கலாசாரப் பதக்கம் வழங்கப்பட்டது. பார்க்கின்சன் நோய் உடலைத் தளர்த்திய பிறகும் அவர் மேடையேறினார்.