இராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்



இருக்கன்குடி, சிவகாசிப் பக்கம் டஜன் கணக்கு தெரியாத பிள்ளை இல்லை. 12க்கு 1, 2, 3, 4, 6, 12 என ஆறு காரணிகள். அதற்குக் கீழே எந்த எண்ணுக்கும் இத்தனை கிடையாது. தனக்குக் கீழுள்ள எல்லா எண்களையும் இப்படி மிஞ்சும் எண்களைப் பற்றி 1915இல் லண்டன் கணிதக் கழக இதழில் இராமானுஜன் நீண்ட கட்டுரை எழுதினார். அதற்காகவே 1916இல் கேம்பிரிட்ஜ் பி.ஏ. பட்டம் கொடுத்தது. இங்கே எஃப்.ஏ. தேறாதவருக்கு!

கட்டுரையில் ஒரு பட்டியல் உண்டு. அதன் கடைசி எண் 67,46,32,83,88,800. காரணிகள் 10,080. கால்குலேட்டர் இல்லாத காலம். ஆனால் நடுவில் ஓர் எண் விடுபட்டுவிட்டது: 2,93,31,86,25,600.

2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5ம் 7ம் இரண்டிரண்டு முறை, 11, 13, 17, 19 ஒவ்வொரு முறை. எல்லாவற்றையும் பெருக்கிப் பாருங்கள், அந்த எண் வரும். அடுக்குகளோடு ஒன்று கூட்டிப் பெருக்கினால் 7×5×3×3×2×2×2×2, அதாவது 5,040 காரணிகள். வேடிக்கை என்னவென்றால், விடுபட்ட எண்ணை 23ஆல் பெருக்கினால் பட்டியலின் கடைசி எண்ணே வந்துவிடுகிறது!

எல்லாம் நாமகிரித் தாயார் கனவில் சொன்னது என்பார்கள். இந்த விடுபட்ட எண்ணைப் பார்த்தால், மனுஷன் உட்கார்ந்து கைக்கணக்காகப் போட்டதுதான் எனக்குத் தெரிகிறது.

5,040ம் இதே வகை எண்தான். அதற்குக் காரணிகள் எத்தனை? பிள்ளைகளைப் போடச் சொல்லி, விடையைக் கீழே எழுதுங்கள்.